சர்சுவில் ஓர் இரவு

"லே வரைக்கும் சைக்கிளில் போய் வந்தாயாமே! அதைப் பற்றி நம் மலருக்கு ஒரு கட்டுரை எழுது" என்று நம் சங்கச் செயலாளர் என்னைக் காணும் போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று நாளைக் கடத்திக்கொண்டே வந்தேன். பரீட்சை என்றேன்; ஆய்வுக்கூடத்தில் வேலை என்றேன். உண்மையான காரணம் வேறு. இங்கிருந்து புறப்பட்டவர்கள் இருவர். லே போய்ச் சேர்ந்தவன் ஒருவன். ஏன் ஒருவன் என்பதை மறைத்துவிட்டுப் பனிமலையையும் ஆற்றையும் வர்ணித்து எழுதினால் அது பொய்க் கட்டுரை. மறைக்காமல் எழுதுவதானால் என் நண்பனுடைய சம்மதம் வேண்டும். சென்ற வாரம் அவனே, "எழுதேன், எனக்கென்ன? பேரை மட்டும் போடாதே" என்று சொல்லிவிட்டான். ஆகையால் எழுதுகிறேன். மெஸ்ஸில் மூன்றாம் தடவை சாம்பார் கேட்பவன் என்று சொன்னால் உங்களில் பலருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதனால் அதைச் சொல்லவில்லை!

2024 ஆம் ஆண்டு கோடை விடுமுறை. மணாலியிலிருந்து லே வரை ஏறக்குறைய 475 கிலோமீட்டர் மலைச் சாலை. வழிகாட்டி ஒருவருடன் கூட்டமாகச் சைக்கிளில் போகும் சுற்றுலாக்கள் கோடை தோறும் அங்கே நடக்கின்றன. பணத்தைக் கட்டிவிட்டால் கியர் வைத்த சைக்கிள், கூடாரம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூட்டை முடிச்சுகள் பின்னால் வண்டியில் வரும். நாம் செய்ய வேண்டியது பெடலை மிதிப்பது ஒன்றுதான். இப்படித்தான் நாங்கள் எண்ணியிருந்தோம். உபகாரச் சம்பளத்தில் பத்து மாதம் மிச்சம் பிடித்தோம். விடியற்காலையில் எழுந்து, தெரு நாய்கள் துரத்த, நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போய் வந்து பழகினோம். இரண்டு மாதப் பழக்கத்தில் தொடை இறுகியது. அதைவிட அதிகமாகத் தலை கனத்தது.

மணாலியில் கூடியவர்கள் பன்னிரண்டு பேர். பெங்களூரிலிருந்து மூன்று என்ஜினியர்கள், அகமதாபாத்திலிருந்து ஒரு தம்பதி, கல்கத்தா பாங்கு உத்தியோகஸ்தர் ஒருவர், இப்படிப் பல ஊரார். எல்லோரிலும் மூத்தவர் புனாவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது அறுபத்தொன்று. எல்லோரும் அவரைத் 'தாயி' என்று அழைத்தார்கள். மராத்தியில் அக்காள் என்று பொருளாம். எங்கள் காதில் அது தாயென்றே விழுந்தது. அவர் எங்களைப் 'பாளா' என்பார். குழந்தாய் என்பது போல.

வழிகாட்டி லாஹௌல் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் காலை எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினார். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி சீட்டை உயர்த்த வேண்டும். தாழ்வாக வைத்தால் மூன்றாம் நாள் முட்டி பேசும். மேடு வந்த பிறகு கியரை மாற்றாதே; வருமுன்பே மாற்று. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி. இறக்கத்தில் பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடியே வராதே. பிடித்துப் பிடித்து விடு.

கடைசிப் பாடம் எனக்குப் புதிதன்று. நான் பௌதிக மாணவன். என் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து 85 கிலோ. ரோதாங் உச்சியிலிருந்து கோக்சருக்கு இறங்கினால் சுமார் 840 மீட்டர். அந்தச் சக்தி முழுவதும் சூடாக மாறினால் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு அகமதாபாத்காரரிடம் காட்டினேன். அவர் மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்குத் தெரிந்தவனுக்கு வழிகாட்டி எதற்கு என்றுகூட ஓர் எண்ணம் தலைகாட்டியது.

அவர் இன்னும் இரண்டு விதிகள் சொன்னார். யாரும் தம்மை முந்திப் போகக் கூடாது. யாரும் உதவி வழிகாட்டிக்குப் பின்னால் தங்கக் கூடாது. பிறகு, காலையும் மாலையும் தாம் மூன்று கேள்விகள் கேட்கப் போவதாகவும் அவற்றுக்கு உண்மையான பதில் வேண்டுமென்றும் சொன்னார். "தலை வலிக்கிறதா? சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா?" இவ்வளவுதான். நர்சரிப் பள்ளியில் கேட்கிற கேள்விகள் என்று நானும் நண்பனும் தமிழில் சொல்லிச் சிரித்தோம்.

இந்தத் தமிழில் சிரித்தது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலாண்டில் ஹிந்தி தெரியாமல் நாம் ஒவ்வொருவரும் இந்த ஊரில் என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். ரிக்ஷாக்காரனிடமும் சலவைக்காரரிடமும் ஊமையாக நின்றவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, இரண்டு தமிழர்கள் சேர்ந்துவிட்டால் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டே யாருக்கும் தெரியாமல் எதையும் பேசலாம் அல்லவா? அந்தப் பன்னிரண்டு பேரில் தமிழ் அறிந்தவர்கள் நாங்கள் இருவரே. நாள்தோறும் கடைசியாக, உதவி வழிகாட்டியோடு பேசிக்கொண்டே மெல்ல வந்து சேரும் தாயியைப் பற்றி, அவர் முன்னாலேயே தமிழில் கேலி பேசினோம். "அம்மாள் லே போய்ச் சேருவதற்குள் தீபாவளி வந்துவிடும்" என்பான் நண்பன். அவர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்வார்.

முதல் நாள் மர்ஹி. இரண்டாம் நாள் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாய். 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து லே செல்லும் லாரிகள் பெரும்பாலும் அடியிலேயே போய்விடுகின்றன. மேலே சாலை எங்களுக்கென்றே விட்டுவைத்தது போல இருந்தது. கணவாயைத் தாண்டினால் உலகமே மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் தேவதாரு மரங்களும் மழையும். அந்தப் பக்கம் மொட்டை மலைகள். நடுவே ஆற்றோரம் மட்டும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளையும் பச்சைத் துண்டுகள். தாண்டி என்னும் இடத்தில் சந்திரா நதியும் பாகா நதியும் கூடுகின்றன. பிறகு செனாப் என்று பெயர் பெறுவது இந்த ஆறுதான். மூன்றாம் நாள் மாலை, 3,200 மீட்டர் உயரத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஜிஸ்பாவில் கூடாரம் போட்டோம்.

ஜிஸ்பாவில் ஒரு நாள் ஓய்வு என்பது ஏற்பாடு. "சும்மா இருங்கள், தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்றார் வழிகாட்டி. தாயி நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குச் சும்மா இருக்கப் பொறுக்கவில்லை. பணம் கொடுத்து வந்துவிட்டு நாள் முழுவதும் படுத்துக் கிடப்பதா? மத்தியானம் வழிகாட்டி கண்ணயர்ந்த சமயம் பார்த்து, நானும் நண்பனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தார்ச்சாவைத் தாண்டி மேட்டில் வெகு தூரம் ஏறிவிட்டு, எதிர்க்காற்றில் நனைந்த சட்டையோடு திரும்பினோம். நண்பனுக்கு அன்றிரவே மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

இங்கே கொஞ்சம் சாஸ்திரம் சொல்வதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. எங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். 4,300 மீட்டரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றுக்கு 60. அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடம்பு இதற்குப் பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால் படுக்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு தடவை ஓய்வு வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் விதி. அந்தச் சாலையிலோ தங்குவதற்கு இடங்கள் குறைவு. அடுத்த தங்குமிடம் ஒரேயடியாக ஆயிரம் மீட்டர் மேலே. அதனால்தான் ஜிஸ்பாவின் ஓய்வு. இதை மீறினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும். அப்போதும் நிற்காமல் மேலே ஏறினால் மூளையில் நீர் கோத்து வீங்கும். அல்லது நுரையீரலில் நீர் சேரும். இரண்டும் உயிரை வாங்கக் கூடியவை. வாலிபம், தேக பலம், அப்பியாசம் எதுவும் இதற்குத் தடையல்ல. பலசாலிதான் வேகமாக ஏறி விரைவில் மாட்டிக்கொள்வான்.

இவ்வளவும் எனக்குப் புறப்படுமுன்பே தெரியும். படித்திருந்தேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் ஜிங்ஜிங்பாரில் தங்கினோம். நண்பன் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினான். "தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. சொல்லிவிடாதே" என்றான். இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தான். காலையில் வழிகாட்டி ஒவ்வொரு கூடாரமாக வந்து தம் மூன்று கேள்விகளையும் கேட்டார். நண்பன், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றான். அவர் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் ராத்திரி தூங்கினாரா?" என்று கேட்டார்.

"நன்றாகத் தூங்கினார்" என்றேன்.

மூன்றே வார்த்தைகள், அதுவும் ஹிந்தியில். அந்த மொழியில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று பாராலாச்சா கணவாயைக் கடந்தோம். உயரம் ஏறக்குறைய 4,890 மீட்டர். உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் என்ற ஏரி, நீல மசியைக் கொட்டியது போல் கிடந்தது. பாகா நதி அங்கேதான் பிறக்கிறது. நான் அதன் கரையில் நின்று படம் பிடித்தேன். நண்பன் சைக்கிளின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். "இறக்கம்தானேடா, சரியாகிவிடும்" என்றேன். இறக்கம்தான். ஆனால் இறங்கிப் போய்ச் சேருகிற சர்சு 4,290 மீட்டரில் இருக்கிறது.

சர்சு ஹிமாசலப் பிரதேசத்துக்கும் லடாக்குக்கும் எல்லை. யுனாம் ஆற்றங்கரையில் அகன்ற மேட்டுச் சமவெளி. கோடையில் மட்டும் முளைக்கும் கூடாரங்கள். பார்வைக்கு அழகான இடம். ஆனால் அது ஒரு பொறி. அங்கே ஒருவனுக்கு நோய் கண்டால் கீழே இறக்க வேண்டும். கீழே போக வழி இல்லை. முன்னால் போனால் அதைவிட உயரமான கணவாய்கள். பின்னால் போனாலும் முதலில் பாராலாச்சாவுக்கு 600 மீட்டர் ஏற்றியாக வேண்டும், பிறகுதான் இறக்கம்.

அன்றிரவு நண்பன் மூன்று தடவை வாந்தி எடுத்தான். கூடாரத்துக்கு வெளியே குளிர் எலும்பைத் துளைத்தது. "போய் அவரை எழுப்பட்டுமா?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம்டா. திருப்பி அனுப்பிவிடுவார். விடிந்தால் சரியாகிவிடும். சத்தியமாகச் சொல்லாதே" என்றான். தமிழில்தான். அடுத்த கூடாரத்தில் வழிகாட்டி. பத்தடி தூரம்கூட இல்லை. எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். விழுந்து என்ன பயன்?

நட்புக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று வெகு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். இவனைத் திருப்பி அனுப்பினால் துணைக்கு என்னையும் அனுப்புவார்களே, பத்து மாதச் சேமிப்பு போய்விடுமே என்றும் நினைத்தேன். இரண்டு மணி இருக்கும். அவன் சம்பந்தமில்லாமல் ஏதோ பேச ஆரம்பித்தான். ஊரில் யாரோ கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டார்கள் என்றான். எனக்குப் பயம் பிடித்தது. அப்போதும் எழுந்து போகவில்லை. விடியட்டும் என்று காத்திருந்தேன்.

விடிந்தது. நண்பன் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான்; கள் குடித்தவனைப் போல் தள்ளாடினான். தேநீர்க் குவளையோடு நின்றிருந்த வழிகாட்டி அதைக் கண்டார். குவளையைக் கீழே வைத்தார். பூட்ஸ் குதிகாலால் மணலில் பத்தடி நீளத்துக்கு ஒரு கோடு கிழித்தார். "இதன் மேல் ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து நடந்து வாருங்கள்" என்றார். நண்பன் இரண்டடி வைத்தான். மூன்றாவதில் பக்கவாட்டில் சாய்ந்தான். அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் கால் மணி நேரத்தில் நடந்தது. ஜீப்பிலிருந்த சாமான்கள் இறங்கின. பிராணவாயுக் குப்பி வந்தது. மூளை வீக்கத்தைத் தணிக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். கேலாங்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல். உதவி வழிகாட்டி கூடப் போவார். ஆனால் மறுநாள் ஜீப்பும் அவரும் கூட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட இருக்க இன்னொருவர் வேண்டும். போகிறவர் அப்படியே மணாலிக்குத் திரும்ப வேண்டியதுதான். அவருக்கு லே கிடையாது.

நண்பன் அப்போது தமிழில் மட்டுமே முனகிக்கொண்டிருந்தான். தமிழ் அறிந்தவன் நான் ஒருவன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். "நான் போகிறேன்" என்ற குரல் கேட்டது. தாயி. அதற்குள் தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு முட்டி வலிக்கிறது, பாளா. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. நீ போ" என்றார். அவர் முட்டிக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, வேகமில்லாமல் மிதித்து வந்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் அந்தச் சாக்கை நான் நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

ஜீப் புறப்படுமுன் அவர் ஒரு காகிதத்தை நீட்டி, "இவன் பேசுவது எனக்குப் புரியாதே. வேண்டியதை எழுதிக் கொடு" என்றார். தேவநாகரியில் தமிழ்ச் சொற்களை எழுதி, பக்கத்தில் ஹிந்தியில் பொருள் எழுதினேன். தண்ணீர், தலைவலி, வாந்தி, குளிர், மூச்சு, தூக்கம், போதும், வேண்டும், வேண்டாம். கை நடுங்கியது. ஒன்பது ஆயிற்று. பத்தாவதாகப் 'பயப்படாதே' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "பயம் எங்கள் மொழியிலும் பயம்தான்" என்றார். வண்டி கிளம்பிற்று.

வழிகாட்டி அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நேற்றுக் காலையில் உங்களைக் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுவதும் சர்சுவிலேயே கிடந்தோம். எங்கள் செல்போன்களில் சிக்னல் இல்லை. செய்தி வர வழியில்லை. என்னால் பதினோரு பேருடைய ஒரு நாள் வீணாயிற்று. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாள் மத்தியானம் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவதைக் கண்டதும் நான் ஓடினேன். உதவி வழிகாட்டி கண்ணாடியை இறக்கி, "பிழைத்துக்கொண்டார். ஜிஸ்பா வந்ததுமே ஆளை அடையாளம் கண்டு பேசினார்" என்றார். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

சர்சுவைத் தாண்டினால் காட்டா வளைவுகள். இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற உயரம் நானூறு மீட்டருக்கு மேல். வழியில் ஓரிடத்தில் கற்களை அடுக்கிச் சிறு கோவில் போல் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான தண்ணீர்ப் பாட்டில்கள். ஒரு லாரி பனியில் அங்கே பழுதாகி நின்றதாம். டிரைவர் உதவி தேடி நடந்து போனார். கிளீனர் நோயுற்றிருந்ததால் வண்டியிலேயே தங்கினான். பனி வழியை அடைத்தது. டிரைவர் திரும்பி வந்தபோது அவன் தாகத்தாலும் குளிராலும் செத்துக் கிடந்தான். அவன் ஆவி இன்னும் போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறது என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். பௌதிகம் படித்தவன் இதை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பவில்லை. ஆனாலும் என் பாட்டிலில் இருந்ததை அங்கே வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். கூட இருக்க ஓர் ஆள் இல்லாமல் போனவன் அவன்.

மீதி வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோரே சமவெளி, நாற்பது கிலோமீட்டர் தட்டையான சாலை, நூல் பிடித்தது போல். தங்லங்லா கணவாயின் பலகை 17,582 அடி என்று அறிவிக்கிறது. அதற்குக் கீழே சாலை போடுகிறவர்களைக் கண்டோம். ஜார்க்கண்டில் தும்காவிலிருந்து வந்தவர்கள். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் காசு கொடுத்து மூச்சு வாங்கிய இடத்தில் அவர்கள் கூலிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் சைக்கிளைத் தடவிப் பார்த்து, "என்ன விலை?" என்றார். எனக்கு விலை தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

இந்த நாட்களில் நான் கூட்டத்தின் கடைசியில் வந்தேன். வேண்டுமென்று செய்ததல்ல, முன்னால் போகக் கால் வரவில்லை. கடைசியில் வந்ததில் ஒன்று தெரிந்தது. உதவி வழிகாட்டி யாரையும் விரட்டுவதில்லை. அவர் பெடலின் சுழற்சி மாறுவதே இல்லை. மேடானால் கியர் மாறும், கால் மாறாது. வழியில் ஒவ்வொரு கூடாரக் கடைக்காரியின் சுகத்தையும் விசாரித்துக்கொண்டு போவார். தாயி ஏன் நாள்தோறும் களைப்பில்லாமல் வந்து சேர்ந்தார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

லே போய்ச் சேர்ந்தோம். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். நான் அறைக்குப் போய் நண்பனுக்குப் போன் செய்தேன். மணாலியில் இருந்தான். "லே எப்படிடா இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டான்.

இங்கே திரும்பிய பிறகு ஒரு நாள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நான்தானே சொல்லாதே என்றேன். பாதி என்னுடையது." அப்புறம் தானாகவே மேலும் சொன்னான்: "எனக்கு அந்தப் பிரயாணத்தில் ஒன்றும் சரியாக ஞாபகம் இல்லை. எங்கேயோ உச்சியில் வண்டி குலுங்கிற்று. யாரோ 'பயப்படாதே, பயப்படாதே' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊரில் இருக்கிறேன் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் தாயி காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார்."

தமிழை நான் அந்த மலையில் ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்திருந்தேன். ஒரு மராத்திக் கிழவி பத்தே சொற்களை வைத்துக்கொண்டு அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டார்.

வரும் டிசம்பரில் நம் சங்கத்திலிருந்து இருபது பேர் சைக்கிள் சுற்றுலா போகப் போவதாகச் செயலாளர் சொல்கிறார். மலைப் பிரதேசம் அல்ல, கடற்கரை ஓரம். ஆபத்து அதிகம் இராது. ஆனாலும் எனக்கு ஒரு வேலை கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். கூட்டத்துக்குக் கடைசியில் வருவேன். எனக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். காலையும் மாலையும் மூன்று கேள்விகள் கேட்பேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பதிலை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி உங்கள் அறை நண்பனைக் கேட்டால், அவனும் உண்மையைச் சொல்லட்டும்.

சென்ற வாரம் புனாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாயி எழுதியிருக்கிறார். காகிதம் பத்திரமாக இருக்கிறதாம். பத்துச் சொற்களும் மனப்பாடமாகிவிட்டனவாம். இன்னும் பத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறார். எவை அனுப்பலாம் என்று நானும் நண்பனும் இரண்டு நாளாக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். முதல் சொல் 'மன்னியுங்கள்' என்று நான் சொல்கிறேன். 'சாம்பார்' என்று அவன் சொல்கிறான்.